மான் ஓட்ட மரபுப் பாதுகாப்புக் கூட்டம்

கோப்பையை ஜெயித்த நாளிலிருந்து தீர்த்தகிரிக்குச் சோறு இறங்கவில்லை.

ஒடுகத்தூர் மைதானத்தில் கடைசிப் பந்தை அடித்தவன் அவன்தான். எகிறி அடித்த அந்த அடியில், எதிர் அணிக்காரன் பந்தைத் தடுப்பதற்குப் பதிலாகத் தன் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கூட்டம் விசிலடித்தது. மலைவட்டக் கைப்பந்து மன்றத்தின் தலைவரான வனத்துறை ரேஞ்சர் சக்கரவர்த்தி செருப்பு ஒருபக்கம் கழன்று விழ ஓடிவந்து அவனைக் கட்டிப்பிடித்தார். கட்டிப்பிடித்த கையை எடுக்காமலே அவன் காதில் சொன்னார்:

"பலே! இந்த வருஷ மான் நீதான்டா."

அப்போது போன பசிதான். திரும்பி வரவேயில்லை.

மன்றத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டப் பருவம் முடிந்ததும் காட்டு பங்களாவில் விருந்து. விருந்தில் ஆட்டுக்கறி உண்டு. மதுவிலக்கு அமலில் இருந்த காலம் என்பதால் சாராயம் கிடையாது; 'சாட்சிப் பொருள்' மட்டும் உண்டு. மலைச்சரிவுகளில் பிடிபட்ட சாராயத்துக்கு அந்தப் பெயர். கோர்ட்டுக்குப் போகிற வழியில் வெயிலில் வற்றிவிடும் என்று எழுதி, வற்றவிடாமல் குடித்துவிடுவார்கள். சட்டத்தின் மேல் அவ்வளவு மரியாதை.

விருந்தின் சிகரம்தான் மான் ஓட்டம். அந்த ஆண்டு அணிக்குப் புதிதாக வந்தவன் தலையில் கடமான் கொம்பைக் கட்டி, பங்களாவுக்குப் பின்னால் இருக்கும் சரிவில் ஓடவிடுவார்கள். பெரிய மனிதர்கள் கூச்சல் போட்டுக்கொண்டு துரத்துவார்கள். ஒரே ஒரு தோட்டா வெடிப்பார்கள். வானத்தைப் பார்த்துத்தான் வெடிப்பார்கள். போன வருஷம் வானம் கொஞ்சம் தாழ்வாக இருந்துவிட்டது. அந்த வருஷ மானான கோவிந்தனின் தொடையில் ஈய ரவைகள் ஏறிவிட்டன.

தீர்த்தகிரி நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊரைச் சேர்ந்தவன். பந்து ஆடவேண்டும் என்று அவன் ஆசைப்பட்டதே இல்லை. கோடையில் காட்டுத்தீ காக்கும் தினக்கூலி வாட்ச்சர் அவன். ஒருநாள் எகிறிப் புளியங்கிளையைப் பிடித்ததை ரேஞ்சர் ஜீப்பிலிருந்து பார்த்துவிட்டார். "இவன் அடிச்சா பந்து ஆந்திராவுல போய் விழும்" என்று சொல்லி அணியில் போட்டார். நன்றாக ஆடினால் வாட்ச்சர் வேலை நிரந்தரம் என்றார். மான் ஆகவேண்டும் என்பதை மட்டும் அப்போது சொல்லவில்லை. நல்ல செய்தியை இப்படித் தவணை முறையில் சொல்வது அவர் பழக்கம்.

அவன் பெண்டாட்டி பச்சையம்மா சாமை குத்திக்கொண்டிருந்தாள்.

"இன்னாய்யா, கோப்ப ஜெயிச்சிட்டு வந்தவன் எழவு வூட்டுக்கு வந்தவனாட்டம் குந்திகினு கீற?"

"மானு நான்தானாம்."

உலக்கை அந்தரத்தில் நின்றது.

"போவாத."

"போவலன்னா வாட்ச்சர் வேல பூடும்."

"போனா நீயே பூடுவ. எது தேவலாம்?"

"அவுரு கோச்சிகினார்னா ஊர்ல ஒருத்தரும் காட்டுல புளி பொறுக்க முடியாது. தெரியும்ல?"

"ஊருக்காவ நீ கொம்பு கட்டிக்க. ஊரு உனக்கு இன்னா கட்டும்? மால கட்டும். நானும் வந்து ஒண்ணு போடுறேன்."

சொல்லிவிட்டு உலக்கையை ஓங்கி இறக்கினாள். உரலில் இருந்த சாமையில் பாதி வெளியே தெறித்தது. அதை அள்ளக் குனிந்தவள் வெகுநேரம் நிமிரவில்லை.

மறுநாள் காலை கோவிந்தன் வந்தான். பக்கத்து ஊர்க்காரன், பச்சையம்மாவுக்கு அண்ணன் முறை. ஒரு காலத்தில் அணியிலேயே வேகமாக ஓடியவன். அதனால்தான் போன வருஷம் அவனை மானாக்கினார்கள். இப்போது ஒருபக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தான். மன்றம் அவனைக் கைவிட்டுவிடவில்லை. பந்துக்குக் காற்றடிக்கும் பொறுப்பைக் கொடுத்திருந்தது.

"இன்னாத்துக்கு மச்சான் பயப்புடுற?" என்றான். "மேலிடத்துலேர்ந்து கேட்டுக்கீறாங்க. ஆட்டம் முடிஞ்சி விருந்து வெக்கிற பழக்கம் இருக்கட்டுமா, வாணாமான்னு எல்லா டீமும் கூட்டம் போட்டுச் சொல்லணுமாம். நாயித்துக்கெழம பங்களாவுல கூட்டம். நா எந்திரிப்பேன். வேட்டிய ஒதுக்கி இந்தத் தொடைய காட்டுவேன். ஒரே ஒரு கேள்வி. 'ஐயா, இது வெளையாட்டா?' அவ்ளோதான். அதுக்கு மேல எவன் வாயத் தொறப்பான்?"

"ஒருக்கா சொல்லிக் காட்டுண்ணா" என்றாள் பச்சையம்மா.

கோவிந்தன் எழுந்து நின்று சொல்லிக் காட்டினான். குரல் தழுதழுத்தது. கடைசியில் தானாகவே கண் கலங்கியது. பச்சையம்மா அவனுக்கு இரண்டு உருண்டைக் களியும் கொள்ளுக் குழம்பும் போட்டாள். அன்றைக்குத்தான் தீர்த்தகிரியும் ஒரு கவளம் தின்றான்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பங்களா முன்கூடத்தில் கூட்டம் கூடியது. வழக்கம் இருக்கவேண்டுமா என்று இனிமேல்தான் முடிவெடுக்கவேண்டும் என்பதால், ஆட்டை மட்டும் முன்கூட்டியே அறுத்திருந்தார்கள். கொம்பைச் சுவரிலிருந்து இறக்கி எண்ணெய் தடவியிருந்தார்கள். துப்பாக்கியையும் எதற்கும் இருக்கட்டும் என்று துடைத்து வைத்திருந்தார்கள். மற்றபடி எல்லாரும் திறந்த மனதுடன் வந்திருந்தார்கள்.

தீர்த்தகிரி கடைசி பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தான். அவன் கண் கொம்பைவிட்டு நகரவில்லை. கொம்பும் அவனையே பார்த்துக்கொண்டிருப்பதாக அவனுக்குப் பட்டது.

மன்றச் செயலாளர் பாண்டுரங்கன் முதலில் எழுந்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஓய்வு அவருக்குத்தான், தொண்டைக்கு இல்லை.

"அவையோரே! மான் ஓட்டம் என்பது நம் மன்றத்தில் தொன்றுதொட்டு, அதாவது எழுபத்திரண்டாம் ஆண்டு முதல், வழிவழியாக வந்துகொண்டிருக்கும் மரபு. அதற்கு முன் என்ன இருந்தது என்று சிலர் கேட்கலாம். அதற்கு முன் டீயும் பன்னும் இருந்தன. டீயும் பன்னும் மரபாகா. அவை செலவு. ஒருவன் அஞ்சவேண்டும், மற்றவர் மகிழவேண்டும், அஞ்சியவன் மறுநாள் நன்றி சொல்லவேண்டும். இம்மூன்றும் கூடினால்தான் மரபு."

கைதட்டல் எழுந்தது. மற்றவர்கள் தட்டியதால் தீர்த்தகிரியும் தட்டினான். உள்ளங்கை ஈரமாக இருந்ததால் சத்தம் வரவில்லை.

அடுத்து மருத்துவக் கருத்து. கம்பவுண்டர் கோபால்சாமி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார்.

"போன வருஷம் கோவிந்தனுக்கு ஏற்பட்டதைக் காயம்னு சொல்றது தப்பு. காயம்னா ரத்தம் வெளியே வரணும். இங்கே ரவை உள்ளே போச்சு. ரெண்டும் வேற வேற. உள்ளே போனதுல பெரும்பகுதிய நான் எடுத்துட்டேன். மிச்சம் இருக்கறது அவன் உடம்போட நல்லாப் பழகிடுச்சு. மழை வர்றதுக்கு முந்தின நாளே அவன் தொடை சொல்லிடுது. ரேடியோவுக்குக்கூட அந்தத் திறமை கிடையாது. மருத்துவ ரீதியில பார்த்தா அவனுக்கு இது லாபம்தான்."

வாணியம்பாடியில் தோல் மண்டி வைத்திருந்த ரஹ்மான் பாய் பின்வரிசையில் அசைந்தார். அணிக்கு ஆண்டுதோறும் பந்து வாங்கிக் கொடுப்பவர். விருந்து என்று கூப்பிட்டதால் வந்தவர்.

"ரேஞ்சர் சாப், ஒரு சின்ன சந்தேகம். துப்பாக்கி இல்லாம ஓடச் சொன்னா ஓட மாட்டானுங்களா?"

செயலாளர் பொறுமையாக விளக்கினார்.

"துப்பாக்கி இல்லாவிட்டால் அவன் எதற்குங்க ஓடவேண்டும்?"

"அதத்தாங்க நானும் கேக்கறேன்."

இப்படிப்பட்ட ஆளை வெளியே விடக்கூடாது என்று ரேஞ்சருக்குத் தோன்றியிருக்கவேண்டும். ரஹ்மான் பாயை அங்கேயே கௌரவப் பாதுகாப்பு ஆலோசகராக அறிவித்து, கழுத்தில் ஒரு விசிலை மாட்டினார்.

"வெடிச் சத்தம் கேட்டதும் ஊதணும் பாய்."

"வெடிக்கறதுக்கு முன்னால ஊதக் கூடாதா?"

"முன்னால ஊதினா மான் உஷாராயிடும்."

ரஹ்மான் பாய் விசிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மலையில் அவர் வாங்கும் மாட்டுத்தோல் ரேஞ்சரின் காட்டு வழியாகத்தான் கீழே இறங்கவேண்டும். விசிலைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார்.

ரேஞ்சர் சக்கரவர்த்தி எழுந்தபோது எல்லாரும் எழுந்தார்கள். அவர் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார்கள்.

"நான் மனசுவிட்டுப் பேசறேன். இந்த மலையில நம்மள யாருக்கும் பிடிக்காது. ஜீப் சத்தம் கேட்டாப் போதும், கைக்குழந்தையத் தூக்கிகிட்டு ஊரே காட்டுக்குள்ள ஓடுது. வருஷம் பூரா ஓடறாங்க. அதுல ஒரு ஒழுங்கு இருக்கா? நேரம் காலம் இருக்கா? கிழவியெல்லாம் விழுந்து எழுந்து ஓடுது, பார்க்கவே சங்கடமா இருக்கு. மான் ஓட்டத்துல மட்டும்தான் ஒருத்தன் விதிமுறைப்படி ஓடறான். விதிமுறைப்படி ஓடினா அது விளையாட்டு. நாமும் விதிமுறைப்படி துரத்தறோம். இந்த மலைக்கும் நமக்கும் இருக்கற ஒரே சுமுகமான உறவு இதுதான். இதையும் எடுத்துட்டா எப்படி?"

அவர் கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது. தீர்த்தகிரியை அதிகமாகப் பயமுறுத்தியது அந்தக் கலக்கம்தான்.

"பாதிக்கப்பட்டவர் தரப்பு" என்று செயலாளர் கூப்பிட்டார்.

கோவிந்தன் சாய்ந்து சாய்ந்து முன்னால் போனான். வேட்டியை ஒதுக்கினான். தொடையில் தழும்புகள் அம்மைவார்த்த முகம் மாதிரி இருந்தன.

"ஐயா..." என்றான் கோவிந்தன்.

"ஒரு நிமிஷம் கோவிந்தா" என்றார் ரேஞ்சர். குரலில் பாகு சொட்டியது. "நீ பேசறதுக்கு முன்னால ஒரு நல்ல சேதி. உனக்கு நேர்ந்ததுக்கு மன்றம் ஈடு செய்யணும்னு முடிவு பண்ணிட்டோம். இந்த வருஷத்துலேர்ந்து புது விதி. போன வருஷ மான்தான் இந்த வருஷம் துப்பாக்கி பிடிக்கணும். இந்தா, பிடி."

மேசைமேல் இருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தார். கோவிந்தன் குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கைகளாலும் வாங்கினான். வேட்டி தானாக இறங்கித் தொடையை மூடியது. துப்பாக்கியின் கனத்தில் அவன் சாய்வுகூடக் கொஞ்சம் நிமிர்ந்தது. இத்தனை காலமும் அவனைப் பார்க்காமலே, காற்றடிக்கப் பந்தை அவன் பக்கம் உருட்டிவிட்ட கம்பவுண்டர், நகர்ந்து அவனுக்கு வழிவிட்டார்.

"இப்ப சொல்லு" என்றார் ரேஞ்சர்.

கோவிந்தன் தொண்டையைச் செருமினான். சொல்லிப் பழகிய வாக்கியம் வாயில் தயாராக இருந்தது. அதை வீணாக்க அவனுக்கு மனம் வரவில்லை.

"ஐயா, இது வெளையாட்டான்னு கேக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். இது வெளையாட்டு இல்லீங்க. மரபு."

பலத்த கைதட்டல். கோவிந்தன் திரும்பி வந்தபோது தீர்த்தகிரியின் பெஞ்சில் உட்காரவில்லை. அவனுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள்.

"அடுத்து, வீரர்கள் தரப்பில் தீர்த்தகிரி."

கால்கள் அவனைக் கேட்காமலே முன்னால் நடந்தன. செயலாளர் மேலிடத்துக் கடிதத்தைப் பார்த்து, அதில் இருந்தபடியே கேட்டார்:

"சொல்லுப்பா. பார்ட்டி வேணுமா, வேணாமா?"

அந்த மலையில் பார்ட்டி என்றால் ஒரே அர்த்தம்தான். விருந்துக்கு அப்படியொரு பெயர் உண்டென்று ஊர்க்காரர்கள் யாருக்கும் தெரியாது. ஜீப்பில் தடியோடு வந்து, அடுக்குப்பானையை உடைத்து, கூரையைப் பிரித்துச் சந்தனக்கட்டை தேடுகிறவர்களுக்குத்தான் பார்ட்டி என்று பெயர். 'பார்ட்டி வருது' என்று ஒரு குரல் கேட்டால், அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடவேண்டும். தீர்த்தகிரி தொட்டிலில் கேட்ட முதல் வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

"வாணாம் சாமி!" என்று அலறிவிட்டான். "பார்ட்டி வாணாம்! எங்கூர்ல ஒரு கட்டகூட கெடையாது சாமி!"

ரேஞ்சர் பல் குத்திக்கொண்டிருந்த குச்சியை வாயிலிருந்து எடுத்தார்.

"எந்தக் கட்டை?"

"எந்தக் கட்டையும் இல்ல சாமி."

"நான் கட்டையப் பத்திக் கேட்கவே இல்லையே."

தப்பு நடந்துவிட்டது என்று தீர்த்தகிரிக்குத் தெரிந்தது. என்ன தப்பு என்றுதான் தெரியவில்லை. அவன் ஊரில் நிஜமாகவே கட்டை கிடையாது. இல்லாததை இல்லை என்று சொல்வதும் குற்றம் என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

"பயப்படாதே" என்றார் ரேஞ்சர் மிக அன்பாக. "ரெண்டு விதமான பார்ட்டி இருக்கு. ஒண்ணு, ஆட்டுக்கறி தின்னுட்டு மான் ஓட்டம் நடத்தறது. இன்னொண்ணு, இப்பவே ஜீப்ப எடுத்துகிட்டு உங்க ஊருக்குப் போய் வீடு வீடா பார்க்கறது. ரெண்டுல ஒண்ணு இன்னிக்கு உண்டு. எது வேணும்னு நீயே சொல்லு. இங்கே யாரும் யாரையும் கட்டாயப்படுத்தறது கிடையாது."

பச்சையம்மா இந்நேரம் சாமை புடைத்துக்கொண்டிருப்பாள். அவளுடைய ஒரே ஒரு பித்தளைக் குடம் மூலையில் இருக்கும்.

"கறி பார்ட்டியே... இருக்கட்டும் சாமி" என்றான். குரல் அவனுடையது மாதிரி இல்லை.

"'வீரர்களின் ஒருமித்த விருப்பத்தின் பேரில், திரு. தீர்த்தகிரி அவர்கள் முன்மொழிய' என்று எழுதிக்கொள்கிறேன்" என்றார் செயலாளர். திரு போட்டு அவனை ஒருவர் அழைத்தது அதுவே முதல் தடவை.

மரபு காப்பாற்றப்பட்டது. காலத்துக்கேற்ற சீர்திருத்தங்களும் வேண்டும் அல்லவா? அவற்றையும் செய்தார்கள். மான் நன்றாகக் கண்ணில் படவேண்டும் என்பதற்காக, இனி சிவப்புத் துண்டு அணியவேண்டும். பாதுகாப்புக்காகத்தான். கம்பவுண்டரின் நாற்காலி சரிவுக்கு இன்னும் பக்கத்தில் போடப்படும். போன வருஷம்போல வானம் தாழ்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. துணைக்குழு முற்றத்துக்கு இறங்கி, நெற்றியில் கைவைத்து அண்ணாந்து பார்த்தது. பிறகு உள்ளே வந்து, வானம் வழக்கமான உயரத்தில் இருப்பதாகத் தெரிவித்துவிட்டு, சாட்சிப் பொருள் கேனைத் திறந்தது.

வெயில் மஞ்சளாகச் சாயும் நேரத்தில் தீர்த்தகிரியைச் சரிவின் தலைப்பில் நிறுத்தினார்கள். கொம்பு நினைத்ததைவிடக் கனம். தாடைக்குக் கீழே சணல் கயிற்றை இறுக்கிக் கட்டியதில் எச்சில் விழுங்க முடியவில்லை. பின்னால் பெரிய மனிதர்கள் டம்ளர்களோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ மானைப்போலக் கத்திக் காட்டினார்கள். மான் அப்படிக் கத்தாது.

கோவிந்தன் துப்பாக்கியோடு பக்கத்தில் வந்தான். வாயில் சாராய வாடை.

"மச்சான், எந்தப் பக்கமா ஓடுவ? புங்க மரத்துப் பக்கமா, பாறப் பக்கமா?"

"எதுக்குக் கேக்குற?"

"சொம்மாதான். நா வேற பக்கம் பாத்துச் சுடலாம்ல?"

தீர்த்தகிரி அவன் முகத்தைப் பார்த்தான். பச்சையம்மா போட்ட களியைத் தின்ற அதே முகம். கண் மட்டும் வேறு எங்கோ இருந்தது.

"போன வருஷம் உன்ன சுட்டவரும் இப்படிக் கேட்டாரா?"

"கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"நெசத்த சொன்னேன்."

கோவிந்தனின் விரல் துப்பாக்கிக் குதிரையைத் தடவிக்கொண்டே இருந்தது. அவன் அதை உணர்ந்ததாகத் தெரியவில்லை.

"புங்க மரத்துப் பக்கம்" என்றான் தீர்த்தகிரி.

ரேஞ்சர் கையை இறக்கினார். தீர்த்தகிரி பாறைப் பக்கம் பாய்ந்தான்.

பிறந்ததிலிருந்து ஓடிப் பழகிய மலை அது. ஆனாலும் கால் மறந்துபோயிருந்தது. கொம்பு கிளைகளில் மாட்டிக் கழுத்தைப் பின்னால் இழுத்தது. பின்னால் கூச்சல், சிரிப்பு, யாரோ விழும் சத்தம். முதுகு முழுவதும் ஒரே கண்ணாக மாறி, குழல் எங்கே திரும்புகிறது என்று தேடியது. பச்சையம்மா என்று கத்தினானோ, பார்ட்டி வருது என்று கத்தினானோ, அவனுக்கே தெரியாது. பாறையை எட்டும்போது உண்ணிச்செடியில் கால் சிக்கி முகங்குப்புற விழுந்தான். அந்த நொடியில் வெடித்தது.

மலை அந்தச் சத்தத்தை வாங்கி, எதிர்மலையிடம் கொடுத்து, திரும்ப வாங்கியது. வெகுநேரம் கழித்து ரஹ்மான் பாயின் விசில் கேட்டது.

தீர்த்தகிரி வலிக்காகக் காத்துக்கொண்டு கிடந்தான். வலி வரவில்லை. தொடை ஈரமாக இருந்தது. தொட்டுப் பார்த்தான். ரத்தம் இல்லை. அவமானம் மட்டும்தான்.

மெல்ல எழுந்து சரிவில் ஏறினான். ஓடுவதாகச் சொல்லியிருந்த புங்க மரத்தைக் கடந்தபோது கால் நின்றுவிட்டது. மரத்தில், ஒரு ஆளின் நெஞ்சு உயரத்தில், பட்டை பிய்ந்து வெள்ளையாகத் தெரிந்தது. ரவைகள் அழகாக, ஒன்றும் சிதறாமல், ஒரே இடத்தில் பாய்ந்திருந்தன. நிமிர்ந்து பார்த்தான். மேலே கோவிந்தனும் அந்த மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். துப்பாக்கிக் குழலில் இன்னும் புகை. இருவர் கண்ணும் சந்தித்தன. கோவிந்தன் முதலில் சிரித்தான்.

"தப்பிச்சிட்ட மச்சான்."

யாரோ கொம்பை அவிழ்த்தார்கள். யாரோ முதுகில் தட்டினார்கள். பல கைகள் தட்டின. செயலாளர் அவனைக் 'கலைமானே' என்று விளித்து ஏதோ செய்யுள்போலச் சொன்னார். கம்பவுண்டர் நாடி பிடித்துப் பார்த்து, வேலை இல்லாமல் போன வருத்தத்தோடு கையை விட்டார். ரேஞ்சர் தன் டம்ளரையே அவன் கையில் திணித்தார்.

"இனிமே நீ நம்ம ஆளு. வாட்ச்சர் வேலை உனக்குத்தான். என்னடா, ரொம்பப் பயந்துட்டியா?"

டம்ளர் பல்லில் மோதிக் கடகடத்தது. தீர்த்தகிரி அதை இரண்டு கைகளாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரே மடக்கில் குடித்தான். தொண்டை எரிந்தது. நடுக்கம் தோளிலிருந்து முழங்கைக்கு இறங்கி, விரல்களுக்கு வந்து, மெல்ல நின்றது. கண்ணைத் திறந்தபோது, கம்பவுண்டரின் நாற்காலிமேல் யாரும் தொடாமல் கிடந்த துப்பாக்கிதான் முதலில் கண்ணில் பட்டது.

"சாமி" என்றான். வெகுநாளைக்குப் பிறகு அவன் குரல் அவனுடையதாகவே வந்தது.

"சொல்லுடா."

"அடுத்த வருசத்துக்குப் புது ஆளு பாத்துட்டீங்களா?"